மந்தைக் காவலும் வீட்டுக் காவலும்: அதிகம் பேசப்படாத பணி நாய் இனங்கள்

மேய்ச்சல்வெளி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். காவல் நாய் என்ற பேச்சு வந்தாலே அல்சேஷன், டாபர்மேன், ராட்வைலர் ஆகிய மூன்று பெயர்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவற்றைத் தாண்டிப் போனாலும் உயரம், எடை, நிறம் என்று ஓர் அட்டவணையைக் கொடுத்துவிட்டு அதையே அறிமுகம் என்கிறோம். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக என்ன வேலை செய்துவந்தது, அந்த வேலையில் எதைத் தானாக முடிவு செய்தது, எதற்கு மனிதனின் சொல்லை எதிர்பார்த்து நின்றது என்பவற்றைச் சொல்லாமல் அந்த இனத்தைப் பற்றி எதையும் சொன்னதாக ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த இழையில் எழுதுபவர்கள் வேலையிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் நானே கங்கால் இனத்தைப் பற்றி எழுதுகிறேன்.

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் உள்ள கங்கால் வட்டாரமே இதன் தாயகம். வெளிறிய மண் நிற உடல், கறுத்த முகம், கறுத்த காதுகள், முதுகின்மேல் சுருண்டு நிற்கும் வால் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண் நாயின் எடை 50 கிலோவை எளிதில் எட்டும். உடல் பெரிதாக இருந்தாலும் தளர்ச்சியோ தொங்கு சதையோ இல்லாமல், நாள் முழுவதும் ஆடுகளோடு நடக்கக்கூடிய கட்டமைப்பு கொண்டது. மந்தை மேயும்போது இது ஆடுகளை ஓட்டுவதில்லை, திருப்புவதில்லை. சற்று மேடான ஓர் இடத்தில் அமர்ந்து காற்று வரும் திசையை நோக்கியிருக்கும், இருட்டியதும் மந்தையைச் சுற்றி வரத் தொடங்கும். ஓநாய் நெருங்கினால் முதலில் குரைக்கும், அடுத்து ஓநாய்க்கும் ஆடுகளுக்கும் இடையில் வந்து நிற்கும். இவ்விரண்டும் பயன் தராதபோதுதான் சண்டை. அந்தச் சண்டையில் தொண்டை கவ்வப்படாமல் இருக்கவே மேய்ப்பர்கள் முட்கள் பொருத்திய இரும்புக் கழுத்துப்பட்டையை அணிவிக்கிறார்கள். முன்பு அனடோலிய மேய்ப்பு நாய் என்ற பெயரில் வைத்திருந்த இனத்தை உலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. 2018 முதல் கங்கால் என்ற பெயரிலேயே பதிவு செய்துவருகிறது.

இந்த நாயின் மதிப்பை எனக்கு உணர்த்தியது துருக்கியைவிட நமீபியாதான். அங்கே ஆட்டுப் பண்ணைக்காரர்கள் சிவிங்கிப்புலிகளைச் சுட்டுக் கொன்றுவந்தார்கள். சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இந்த வகை நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறது; பெற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் கால்நடை இழப்பு 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள். சிவிங்கிப்புலி வேகத்தை நம்பி வாழும் விலங்கு. காலில் ஒரு காயம் பட்டாலும் அதன் வேட்டை நின்றுவிடும் என்பதால், குரைத்துக்கொண்டு எதிரே நிற்கும் ஒரு பெரிய நாயோடு மோதுவதைவிட விலகிப் போவதையே அது விரும்புகிறது. நாய் காப்பாற்றியது ஆட்டை மட்டுமன்று, சிவிங்கிப்புலியையும்தான்.

இளவேனில் எழுதியது:

மிகவும் பயனுள்ள தொடக்கம், நன்றி ஐயா. எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. நாய்களில் மிக அதிகமான கடி விசை கங்காலுக்குத்தான் என்று எண்ணோடு பல இடங்களில் எழுதுகிறார்களே, அது உண்மையா? அடுத்து, எங்கள் வீட்டைச் சுற்றிச் சிறிய தோட்டம் இருக்கிறது, வீட்டில் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், உறவினர்களும் அடிக்கடி வந்து போவார்கள். இத்தகைய வீட்டிற்குக் கங்கால் போன்ற ஒரு நாய் நல்ல காவலாக இருக்குமா?

தடம் எழுதியது:

கடி விசை எண்களை இந்த இழையிலிருந்து விலக்கி வைப்பதே நல்லது. ஒரு நாய் எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கிறது என்பது அதன் மண்டையோட்டின் அகலம், தாடைத் தசை, உடல் எடை ஆகியவற்றோடு, அந்த நொடியில் அது எவ்வளவு தீவிரமாகக் கடிக்க நினைத்தது என்பதையும் பொறுத்தது. எந்த நாய், எந்தக் கருவி, எத்தனை முறை என்ற விவரம் இல்லாமல் சுற்றிவரும் ஓர் எண்ணை வைத்து இனங்களை வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. அந்த எண் பெரிதாக இருந்தாலும் காவலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, ஏனெனில் நல்ல மந்தைக் காவல் நாய் கடிக்காமலேயே காரியத்தை முடிக்கும் நாய்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல, மந்தைக் காவல் நாய் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். குட்டிப் பருவத்தின் முதல் மூன்று, நான்கு மாதங்களில் எந்த உயிர்களோடு பழகுகிறதோ அவற்றைத்தான் நாய் தன் கூட்டமாகக் கொள்கிறது. மேய்ப்பர்கள் இதை எழுத்தில் படிக்காமலேயே அறிந்திருந்தார்கள். சார்லஸ் டார்வின் 1833-ல் இன்றைய உருகுவே நாட்டுப் பகுதியில் பயணம் செய்தபோது, நாய்க்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பட்டியில் ஆட்டு ரோமத்தால் படுக்கை அமைத்து, பெண் ஆட்டிடமே பால் குடிக்க விட்டு வளர்க்கும் வழக்கத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். அப்படி வளர்ந்த நாய், பிற நாய்கள் தம் எசமானைக் காப்பதைப் போலவே ஆடுகளைக் காக்கும் என்பது அவருடைய கவனிப்பு.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் இணையர் மாரெம்மா, ஷார்பிளானினாட்ஸ், அனடோலிய நாய் ஆகிய மந்தைக் காவல் இனங்களை வரவழைத்துப் பண்ணைகளுக்குக் கொடுத்து, அவற்றின் நடத்தையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மந்தைக் காவலுக்கு அவர்கள் வகுத்த அளவுகோல்கள் மூன்று: நாயின் கவனம் எப்போதும் மந்தையின் மீதே இருக்க வேண்டும், ஆடுகளுக்கு அதனால் எந்தத் தீங்கும் நேரக் கூடாது, வழக்கத்துக்கு மாறான எதைக் கண்டாலும் அது எதிர்ப்புக் காட்ட வேண்டும். ஆடு ஓட்டும் நாய்க்குப் பார்வையால் அழுத்துவது, பதுங்குவது, துரத்துவது ஆகிய வேட்டைப் படிகள் கூர்மையாக இருக்கின்றன. காவல் நாயிடம் அதே படிகள் மங்கியிருக்க வேண்டும்.

இதை நேரில் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். கடா ஒன்று தலையைத் தாழ்த்தி முறைத்தால், 45 கிலோ எடையுள்ள மாரெம்மா காதுகளைப் பின்னுக்கு மடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பி, வாலைத் தாழ்த்தியபடி ஒதுங்கி நடக்கும். படுத்திருக்கும் பெண் ஆட்டின் அருகே போகும்போது நேராகப் போகாமல் வளைந்து போய், அதன் வாயோரத்தை நக்கிவிட்டு அருகிலேயே படுத்துக்கொள்ளும். அதே நாய் வேலிக்கு அப்பால் ஒரு சருகு நொறுங்கும் ஓசை கேட்டால் எழுந்து நிற்கும் விதத்தைப் பார்த்தவர்கள், இந்த இரண்டும் ஒரே நாயா என்று வியப்பார்கள்.

ஆகவே இளவேனில் அவர்களே, உங்கள் வீட்டுக்கு இந்த வகை பொருந்தாது என்பதே என் விடை. வழக்கத்துக்கு மாறான எதையும் எதிர்ப்பது இதன் பணி. அடிக்கடி வந்து போகும் உறவினர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். இரவு முழுவதும் இடைவிட்டு இடைவிட்டுக் குரைப்பதும் இதன் பணிதான். அதைக் கெட்ட பழக்கம் என்று திருத்த முயல்வது நாய்க்குச் செய்யும் அநீதி.

நெய்தல் எழுதியது:

மாரெம்மாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். இத்தாலியின் அப்ருட்சோ மலைகளிலும் மாரெம்மா சமவெளியிலும் ஆடுகளைக் காத்த இந்த வெள்ளை நாய், ஆஸ்திரேலியாவில் பெங்குயின்களைக் காக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் வார்னம்பூல் நகரை ஒட்டி மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவு இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் ஆழமற்ற நீரைக் கடந்து தீவுக்குள் புகுந்து, அங்கே கூடு கட்டும், உருவில் சிறிய இனமான பெங்குயின்களைக் கொன்றுவந்தன. பல நூறாக இருந்த எண்ணிக்கை 2005-ல் பத்துக்கும் கீழே இறங்கியது. தன் கோழிகளை மாரெம்மாக்களை வைத்துக் காத்துவந்த ஒரு பண்ணையாளரின் யோசனையின்படி 2006-ல் இந்த நாய்கள் தீவில் விடப்பட்டன. அதன் பிறகு பெங்குயின்கள் நூற்றைத் தாண்டிப் பெருகின. 2017-ல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டு செல்ல முடியாத நாட்களில் நரிகள் மீண்டும் புகுந்து பெரும் சேதம் விளைவித்தன.

அதாவது நாயின் வாசனையும் அதன் அன்றாட நடமாட்டமும்தான் வேலி. நாய் இல்லாத நாட்களில் அந்த வேலியும் இல்லை.

கிடைக்காரன் எழுதியது:

ஹங்கேரியை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் பணியைப் பிரித்துக் கொடுக்கும் முறை அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கொமொண்டோர், குவாஸ் ஆகிய இரண்டும் பெரிய வெள்ளை நாய்கள், இவை காவலுக்கு. 'புலி' என்னும் சிறிய, பெரும்பாலும் கறுப்பான நாய் மந்தையை ஓட்டவும் திருப்பவும். பகலில் ஓட்டும் நாய் வெள்ளைத் துணிபோல் பரந்து கிடக்கும் செம்மறிகளின் நடுவே மேய்ப்பன் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும், ஆகவே கறுப்பு. இரவில் ஓநாயோடு புரளும் காவல் நாயை ஓநாயிலிருந்து பிரித்தறிய வேண்டும், ஆகவே வெள்ளை. இவ்வாறுதான் மேய்ப்பர் மரபில் காரணம் சொல்லப்படுகிறது.

கொமொண்டோரின் ரோமத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். குட்டி மென்மையான சுருள் ரோமத்தோடுதான் பிறக்கிறது. வளர வளர வெளிப்புறக் கரடுமுரடான ரோமம் உட்புற மென்ரோமத்தைப் பற்றிக்கொண்டு திரிகளாக மாறும். அந்தக் கட்டத்தில் வளர்ப்பவர் கையால் ஒவ்வொரு திரியாகத் தோல் வரை பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் விட்டால் திரிகள் ஒன்றாகி அகன்ற தகடுகளாகிவிடும், அதனடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். குளிப்பாட்டினால் நன்கு உலர இரண்டு நாட்கள்கூட ஆகலாம். வெயிலும் பனியும் அந்தத் திரிகளைத் தாண்டி எளிதில் உள்ளே போவதில்லை, ஓநாயின் பல்லும் அப்படியே. திறந்தவெளியில் வாழ்ந்த நாய்க்குக் கவசமாக இருந்த அதே ரோமம், வீட்டுக்குள் வந்ததும் வளர்ப்பவரின் முழு நேர வேலையாகிறது. குவாஸின் ரோமம் அலையலையாக இருக்குமே தவிரத் திரியாவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் மாத்யாஸ் இந்த இனத்தை விரும்பி வளர்த்ததாகக் கூறப்படுகிறது.

இளவேனில் எழுதியது:

தடம் ஐயாவின் விளக்கம் ஏமாற்றமாக இருந்தாலும் நியாயமாக இருக்கிறது. அப்படியானால் மந்தைக்காக அல்லாமல், வீட்டையும் வளாகத்தையும் காப்பதற்காகவே உருவான, அதிகம் அறியப்படாத இனங்கள் எவை?

பனிப்பாறை எழுதியது:

ஜெர்மனியின் ஹோவாவார்ட்டை நான் முதலில் சொல்வேன். பண்ணை வீட்டையும் முற்றத்தையும் காத்த பழைய நாய் வகை மறைந்துபோன நிலையில், கிராமங்களில் எஞ்சியிருந்த அதே சாயலுள்ள நாய்களைத் தேடிச் சேர்த்து 1922 முதல் கர்ட் கோனிக் உள்ளிட்டோர் இந்த இனத்தை மீட்டெடுத்தார்கள். 1937-ல் ஜெர்மனியில் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. நீண்ட ரோமமும், கறுப்பு, பொன்னிறம் அல்லது கறுப்பும் பொன்னும் கலந்த நிறமும் கொண்டது. மந்தைக் காவல் நாயைப் போலத் தானே முடிவெடுத்து ஓடாமல் வீட்டாரின் அருகில் இருந்து காக்கும் இயல்புடையது. மனமுதிர்ச்சி அடைய இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், ஒரு வயது நாயின் துள்ளலைப் பார்த்து இது காவலுக்கு உதவாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிரான்ஸின் பொசெரான் இன்னொன்று. கறுப்பு உடலும் செம்மண் நிறக் கால்களும் கொண்டது. இரண்டு பின்னங்கால்களின் உட்புறத்திலும் கூடுதல் விரல் இரட்டையாக இருக்க வேண்டும் என்பது இனத்தின் விதி. பாரிஸுக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் தானிய வயல்களில், அறுவடை முடிந்த துண்டில் ஆடுகள் மேயும்போது, அடுத்த துண்டில் நிற்கும் பயிரில் ஓர் ஆடுகூட வாய் வைக்காதபடி வரப்போரமாகவே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருப்பது இதன் வேலை. வேலி கிடையாது, நாய்தான் வேலி. நாள் முழுவதும் அப்படி ஓடியதன் விளைவாகவே அசராத உடலும் எல்லையை மறக்காத மனமும் இதற்கு வாய்த்தன. முதல் உலகப் போரில் செய்தி கொண்டுசெல்லும் பணியில் பிரெஞ்சுப் படை இதைப் பயன்படுத்தியது.

அதே போர் ஃபிளாண்டர்ஸ் பூவியே இனத்தை ஏறக்குறைய அழித்தது. மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்ட இந்த இனத்தின் ஊர்களே போர்க்களமாயின. எஞ்சிய நாய்களுள் பெல்ஜியப் படையின் கால்நடை மருத்துவர் ஒருவர் காப்பாற்றி வைத்திருந்த நிக் என்ற ஆண் நாய் 1920-ல் ஆண்ட்வெர்ப் காட்சியில் முன்மாதிரியாகப் பாராட்டப்பட்டது. இன்றைய நாய்களின் வழிமரபில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

கிடைக்காரன் எழுதியது:

பனிப்பாறை அவர்கள் சொன்ன பொசெரான், பூவியே இரண்டும் ஓட்டும் நாய்கள். மந்தைக் காவல் நாயை வீட்டுக்கு வேண்டாம் என்றால், ஓட்டும் நாயை மட்டும் எப்படிப் பரிந்துரைக்கலாம்? பிள்ளைகள் தோட்டத்தில் ஓடினால் அவற்றுக்கு அதுவும் ஒரு மந்தைதான். குதிகாலைக் கவ்வி நிறுத்தப் பார்க்கும்.

பனிப்பாறை எழுதியது:

கேள்வி சரியானது. வேறுபாடு, யார் சொல்லைக் கேட்டு வேலை செய்வது என்பதில்தான். ஓட்டும் நாய் மேய்ப்பனின் குரலுக்கும் கையசைவுக்கும் பழகியது, ஆகவே பயிற்சிக்கு இணங்கும். நீங்கள் குறிப்பிட்ட குதிகால் பழக்கம் இருப்பதும் உண்மை. அசோர்ஸ் தீவுகளில் உள்ள சாவ் மிகேலின் மாட்டு நாயான ஃபிலாவைப் பாருங்கள்: பால்மாடுகளை ஓட்டும்போது மடியில் பல் படக் கூடாது என்பதற்காக மிகத் தாழ்வாகவே கவ்வும், விலகி ஓடும் மாட்டை மட்டும் சற்று மேலே கவ்வும். அவ்வளவு நுட்பமான கட்டுப்பாடு பிறவியிலும் பயிற்சியிலும் சேர்ந்து வருகிறது. அந்தப் பயிற்சிக்கு அன்றாடம் நேரம் ஒதுக்க முடியாத வீட்டுக்கு ஓட்டும் நாயும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹோவாவார்ட்டை முதலில் சொன்னதற்கும் அதுவே காரணம்.

மேய்ச்சல்வெளி எழுதியது:

இருவரும் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டீர்கள். காவல் என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதற்கு வடக்கிலிருந்து மேலும் ஒரு சான்று தருகிறேன். பின்லாந்தின் கரேலியக் கரடி நாய் கறுப்பு வெள்ளை நிறம், கூர்ந்து நிற்கும் காதுகள், நடுத்தர உடல் கொண்டது. மூஸ் மானையும் கரடியையும் மோப்பத்தால் தேடிச் செல்லும்போது ஓசை எழுப்பாது. விலங்கைக் கண்டபின் அதைச் சுற்றிச் சுற்றிக் குரைத்து, வேட்டைக்காரர் வரும் வரை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். கரடியின் ஒரே அறைக்கு உயிர் போய்விடும் என்பதால், எட்டிக் கடிப்பதும் பின்வாங்குவதும் நொடிக்குள் நடக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ஏறத்தாழ 40 நாய்களிலிருந்தே இன்றைய இனம் பெருகியது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறை இந்த நாயை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. குடியிருப்புக்குள் நுழைந்து பிடிபட்ட கரடியைக் கூண்டிலிருந்து திறந்துவிடும்போது, அலுவலர்கள் கூச்சலிட்டு ரப்பர் குண்டுகளைச் சுடுவார்கள். நாய்கள் குரைத்தபடியே அதைக் காட்டுக்குள் விரட்டும். மனிதர் வாழும் இடம் அச்சத்துக்குரியது என்று கரடி கற்றுக்கொண்டால், அடுத்த முறை அதைக் கொல்ல வேண்டிய நிலை வராது. வேட்டைக்கு வளர்த்த அதே திறமை இங்கே கரடியின் உயிரைக் காக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நெய்தல் எழுதியது:

குறைந்த எண்ணிக்கையிலிருந்து மீட்ட இனங்கள் பற்றிப் பேசும்போது அதன் விலையையும் சொல்ல வேண்டும். நார்வேயின் லுண்டெஹுண்ட் காவல் நாய் அன்று, பணி நாய். வேரோய் தீவின் செங்குத்தான பாறைகளில் பஃபின் கடற்பறவைகளின் வளைக்குள் புகுந்து பறவையை உயிரோடு எடுத்து வரும். அதற்கேற்ப ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள், முதுகைத் தொடும் அளவுக்குப் பின்னால் வளையும் கழுத்து, மண் புகாதபடி மூடிக்கொள்ளும் காதுகள், பக்கவாட்டில் நேராக விரியும் முன்னங்கால்கள் எல்லாம் இதற்கு உண்டு. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் இந்த இனத்தை ஒருமுறைக்கு மேல் வாரிக்கொண்டு போனது. எஞ்சிய ஏறத்தாழ ஆறு நாய்களிலிருந்துதான் இப்போது உள்ளவை அனைத்தும் வந்தன. விளைவாக மரபணு வேறுபாடு மிகக் குறைந்து, உணவின் சத்தை உடல் ஏற்காத குடல் நோய் இனம் முழுவதையும் வாட்டுகிறது. நார்வேயில் 2014 முதல் பூஹுண்ட், ஐஸ்லாந்து மேய்ப்பு நாய், நோர்பாட்டன் நாய் ஆகியவற்றோடு கலந்து புது இரத்தம் சேர்க்கும் முயற்சி நடந்துவருகிறது. தூய இனம் என்ற பெருமைக்காக இதை எதிர்ப்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. நோயுற்ற நாய்களைத் தலைமுறை தலைமுறையாக ஈன வைப்பதை இனப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

தடம் எழுதியது:

நெய்தல் அவர்களின் கருத்தை வழிமொழிகிறேன். இளவேனில் அவர்களே, எந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் உங்கள் பகுதியின் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டன் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிட்புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. பிற நாடுகளின் பட்டியல்கள் வேறு. அடுத்து, குட்டியைப் பார்க்கப் போகும்போது குட்டியைவிட அதன் தாயைக் கூர்ந்து கவனியுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தாய் நாய் குரைத்து, வளர்ப்பவர் உங்களை வரவேற்றதும் அடங்கி, தள்ளி இருந்து உங்களைக் கவனித்துக்கொண்டிருந்தால் அது நல்ல அடையாளம். மூலையில் ஒடுங்கினாலோ, வளர்ப்பவர் சொல்லியும் அடங்காவிட்டாலோ திரும்பி வந்துவிடுங்கள். பெரிய உடல் கொண்ட இனங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரவலாக இருப்பதால் தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரே மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். குட்டி விரைவில் பெரிதாக வேண்டும் என்று மிகையாக ஊட்டாதீர்கள், எலும்பு முதிரும் முன் ஏறும் எடை மூட்டைத்தான் கெடுக்கும்.

இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கங்கால் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு ஹோவாவார்ட் வளர்ப்பவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். தாயையும் தந்தையையும் நேரில் காட்டவும் எக்ஸ்ரே மதிப்பீட்டைத் தரவும் அவர் இசைந்திருக்கிறார். அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் பகல் நேரத்தில் நாயோடு யார் இருப்பார்கள் என்பது. அதற்கு விடை சொல்ல எங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் தேவைப்படுகிறது.